தைர்சஸ்: டயோனைசஸின் கைக்கோல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைர்சஸ் என்பது என்ன?

பழங்கால கிரேக்கர்களின் மதுத் தெய்வமான டயோனைசஸும் அவரைச் சேர்ந்தவர்களும் ஏந்திய வழிபாட்டுக் கோல். காய்ந்த செடித் தண்டு ஒன்று, அதன் நுனியில் கட்டிய ஐவி என்ற பசுமை மாறாத படர்கொடியின் இலைக்கொத்து, சில சமயம் கொத்துக்குக் கீழே ஒரு துணி நாடா. அவ்வளவுதான். தங்கமோ, செதுக்கிய மரமோ, பதித்த கல்லோ கிடையாது. மலைச்சரிவில் ஒடித்து, கையாலேயே கட்டிக்கொள்ளக்கூடிய பொருள். அரசனின் செங்கோலைப் போல ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறி வருவதில்லை. விழாவுக்குப் போகிறவர் தனக்குத் தானே செய்துகொள்வார்.

அதைத் தெய்வத்தோடு வேறு யார் ஏந்தினார்கள்?

முக்கியமாகப் பெண்கள். மைனாட்கள் என்று பெயர். கூந்தலை அவிழ்த்துவிட்டு, மான்தோல் போர்த்தி, மலையில் ஆடியவர்கள். அடுத்து சாட்டிர்கள், அதாவது குதிரை வாலும் குதிரைக் காதும் கொண்ட காட்டுப் பிறவிகள். ஆண்களுக்கும் தடையில்லை. யூரிபிடிஸின் ‘பாக்கே’ நாடகம் அவர் இறந்தபின், கி.மு. 405-இல் ஏதென்ஸில் மேடையேறியது. அதில் முன்னாள் அரசர் காட்மஸும், குருட்டுக் குறிசொல்லி டைரீசியஸும் தள்ளாத வயதில் ஆளுக்கொரு கோலைக் கட்டிக்கொண்டு ஆடக் கிளம்புகிறார்கள். பேரன் பென்தியஸுக்குத் தாத்தாவை அந்தக் கோலத்தில் பார்த்ததும் சிரிப்பு வருகிறது. அந்தப் பேரனின் கதி பின்னால் வருகிறது.

நார்தெக்ஸ் என்றும் படிக்கிறோமே, இரண்டும் ஒன்றா?

நார்தெக்ஸ் என்பது செடியின் பெயர், அதன் தண்டின் பெயரும் அதுவே. தைர்சஸ் என்பது இலைக்கொத்து கட்டி முடித்த கோல். ஆனால் கிரேக்க எழுத்தாளர்கள் இப்படிப் பிரித்துப் பார்த்து எழுதவில்லை. ‘பாக்கே’யிலேயே ஒரே கோலுக்கு இரண்டு சொல்லும் மாறிமாறி வரும். தென்னங்கீற்றையும் அதில் முடைந்த தட்டியையும் பேச்சில் ‘கீத்து’ என்றே சொல்லிவிடுவதில்லையா, அதைப் போல.

உச்சரிப்பில் ‘தைர்சஸ்’ ஆங்கில வழி, ‘திர்சோஸ்’ இன்றைய கிரேக்க வழி. எதைச் சொன்னாலும் குற்றமில்லை. சொல் கிரேக்கத்தில் பிறந்ததல்ல என்பதே மொழியறிஞர் பலரின் கருத்து. இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கிய லூவிய மொழியில் திராட்சைக் கொடியைக் குறிக்கும் ‘துவர்ஸ’ என்ற சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள்.

அது எந்தச் செடி? நம் வீட்டுச் சோம்புச் செடியா?

இல்லை. இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலிருந்து வருகிறது. அங்கே இதைப் ‘பெரிய சோம்பு’ என்ற பொருளில் அழைப்பதால், மொழிபெயர்ப்பவர்கள் சோம்புத் தண்டு என்று எழுதிவிடுகிறார்கள். சோம்பு வேறு பேரினம், கிரேக்கத்தில் அதற்கு ‘மாரதோன்’ என்று பெயர். கோலுக்கு உதவுவது ஃபெருலா கம்யூனிஸ் என்ற செடி. உறவு தேட வேண்டுமானால் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வேர்ப்பாலிலிருந்து பெருங்காயம் எடுக்கிறார்களே, அந்தச் செடியும் ஃபெருலாதான்.

ஃபெருலா கம்யூனிஸ் மத்தியதரைக் கடலைச் சுற்றிய வறண்ட சரிவுகளில் தானாக வளர்வது. நிலத்தை ஒட்டி, நூல் நூலாகப் பிரிந்த இலைகள் புதராக நிற்கும். வசந்தத்தில் நடுவிலிருந்து ஒற்றைத் தண்டு எழும்பி, ஓர் ஆள் உயரத்தைத் தாண்டி, சில இடங்களில் 3 மீட்டர் வரைகூடப் போய், உச்சியில் மஞ்சள் குடைப் பூக்களை விரிக்கும். கோடை முடிவதற்குள் தண்டு காய்ந்துவிடும், வேர் பிழைத்திருக்கும். ஆகஸ்டில் அந்தப் பக்கம் போனால் பழுப்பேறிய தண்டுகள் நட்டுவைத்த கழிகளைப் போல நின்றுகொண்டிருக்கும்.

தண்டுக்குள் என்ன இருக்கிறது?

உள்ளே வெற்றுக் குழல் என்று பலரும் எழுதுகிறார்கள். மூங்கிலைப் போன்ற வெற்றுக் குழல் அல்ல அது. வெளியே மெல்லிய, விறைப்பான பட்டை, உள்ளே வெள்ளையான சோறு, அதாவது மென்மையான உட்சதை. தஞ்சாவூர் நெட்டி வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பதம் சட்டென்று பிடிபடும்: விரலால் அழுத்தினால் குழியும், எடை இருக்காது. இடையிடையே கணு. ஆள் உயரத் தண்டை ஒற்றை விரலில் நிறுத்தி வைக்கலாம்.

இந்தச் சோற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. பற்றவைத்தால் சுடர்விடாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், வெளிப்பட்டை எரியாது. புரோமிதியஸ் தெய்வங்களிடமிருந்து நெருப்பைத் திருடி நார்தெக்ஸ் தண்டில் ஒளித்துக் கொண்டுவந்ததாகப் பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பாடியது கற்பனை வளத்தினால் மட்டும் அல்ல, அடுப்பங்கரை அனுபவத்தினாலும்தான். 1700-ஐ ஒட்டி ஏஜியன் தீவுகளில் சுற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் டூர்ன்ஃபோர், தீவுக்காரர்கள் அப்போதும் இத்தண்டில் நெருப்பை இடம்விட்டு இடம் கொண்டுபோனதைக் குறித்திருக்கிறார். பார்க்கச் சாதுவான கோல், உள்ளே நெருப்பைச் சுமக்க வல்லது. டயோனைசஸின் சுபாவமும் அதுவே.

நுனியில் இருப்பது பைன் கூம்பா, ஐவி இலையா?

அதிகம் தவறாகச் சொல்லப்படும் சங்கதி இது. இணையத்தில் எங்கு தேடினாலும் ‘பைன் கூம்பு பொருத்திய கோல்’ என்றுதான் கிடைக்கும். கி.மு. 6, 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் ஜாடிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுனியில் இருப்பது ஐவி இலைகளின் கொத்து. இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீழே அகன்று மேலே குவிந்து நிற்பதால் தூரத்திலிருந்து கூம்பு போலத் தெரியும். ஓவியர் அவசரமாகப் புள்ளி வைத்து முடித்திருந்தால் இன்னும் அதிகம் ஏமாற்றும்.

இலக்கியமும் இதையே சொல்கிறது. ‘பாக்கே’யின் தொடக்கத்தில் டயோனைசஸ் தன் கோலை ‘ஐவி ஆயுதம்’ என்கிறார். பின்னால் ஒரு காட்சியில், இலை உதிர்ந்துபோன கோலுக்குப் பெண்கள் உட்கார்ந்து மறுபடி ஐவி சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். நுனியில் கூம்பு இருந்திருந்தால் அந்த வேலைக்கே இடமில்லை. வாடுகிறது, உதிர்கிறது, திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது: பழைய தைர்சஸ் அப்படிப்பட்ட பொருள்.

தெளிவான கூம்பு, செதில் செதிலாகக் குறுக்குக் கோடு போட்டது, பிற்காலக் கலையில் பெருகி, ரோமர் காலத்தில் வழக்கமாகிவிட்டது. ஆகவே ‘கூம்பு தவறு’ என்றும் அடித்துச் சொல்லக்கூடாது. எந்தக் காலத்துத் தைர்சஸ் என்று கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

எப்போதிலிருந்து இது டயோனைசஸ் கையில் இருக்கிறது?

ஆரம்பத்திலிருந்தே அல்ல. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஜாடிகளில் அவர் கையில் இருப்பது குடிக்கொம்பு, இரட்டைப் பிடிக் கிண்ணம், திராட்சைக் கொடி, ஐவிக் கிளை. அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில்தான் கோல் தலைகாட்டுகிறது, அடுத்த நூற்றாண்டில் எங்கும் பரவிவிடுகிறது. கி.மு. 490–480 வாக்கில் பிரிகோஸ் ஓவியர் என்று அறியப்படுபவர் வரைந்த வெண்தளக் கிண்ணம் மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலையில் பாம்பைப் பட்டமாகச் சுற்றிய ஒரு மைனாட், இடக்கையில் ஒரு சிறுத்தைக் குட்டி தொங்க, வலக்கையில் தைர்சஸைச் சாய்த்துப் பிடித்துப் போகிறாள். தைர்சஸ் எப்படியிருக்கும் என்று ஒரே ஒரு படம் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டலாம்.

தெய்வத்தின் கோல் ஏன் இவ்வளவு மெலிந்த தண்டு?

பழங்காலத்தவருக்கே எழுந்த கேள்வி. கி.மு. முதல் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் டயோடோரஸ் ஒரு காரணம் சொல்கிறார். மது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட காலம். தண்ணீர் கலந்து குடிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. கூட்டமாகக் கூடி அப்படியே குடித்தவர்கள் வெறியேறிக் கைத்தடிகளால் அடித்துக்கொண்டார்கள். சிலருக்குப் படுகாயம், சிலர் செத்தே போனார்கள். குடிப்பதை டயோனைசஸ் நிறுத்தச் சொல்லவில்லை. மரத்தடியை வாங்கிக்கொண்டு நார்தெக்ஸைக் கையில் கொடுத்தார். அடித்தாலும் எலும்பு முறியாது.

கதை உண்மையோ இல்லையோ, தண்டைக் கையில் எடுத்துப் பார்த்த எவரோ சொன்ன கதை என்பது தெரிகிறது. ரோமில் இதே தண்டு பள்ளி ஆசிரியர் கைக்குப் போனது. பிள்ளைகளை அடிக்கும் ‘ஃபெருலா’ இதுதான். வலிக்கும், ஆனால் ஊனம் வராது. கவிஞர் மார்ஷியல் அதை ‘வாத்தியார்களின் செங்கோல்’ என்று கிண்டல் செய்கிறார்.

அப்படியானால் அது ஆயுதமே இல்லையா?

இங்கேதான் சுவாரசியம். ‘பாக்கே’யில் கிராமத்து ஆண்கள் ஈட்டியோடு மைனாட்களை எதிர்க்கிறார்கள். ஈட்டி பட்டு ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. பெண்கள் எறிந்த செடித்தண்டு பட்டு ஆண்கள் காயமடைந்து ஓடுகிறார்கள். தண்டு இலேசாக இருப்பதால்தான் இந்தக் காட்சிக்கு உயிர். இரும்புப் பூண் போட்ட கம்பால் அடித்தால் அதில் என்ன அதிசயம் இருக்கிறது?

அதே நாடகத்தின் கூட்டுப்பாடல் ‘வன்முறை நிறைந்த நார்தெக்ஸ்களைப் பயபக்தியோடு கையாளுங்கள்’ என்று எச்சரிக்கிறது. எச்சரிக்கை வீணில்லை. தெய்வத்தை நம்பாமல் மரத்தின்மேல் ஏறி ஒளிந்து வேடிக்கை பார்த்த பென்தியஸ் மீது முதலில் கோல்களை எறிகிறார்கள், உயரத்துக்கு எட்டவில்லை. பிறகு மரத்தையே சாய்க்கிறார்கள். அவன் உடலைக் கையாலேயே கிழித்தபின், தாய் அகாவே தலையை எடுத்துத் தைர்சஸ் நுனியில் குத்தி, சிங்கத்தின் தலை என்று நினைத்து ஊருக்குள் கொண்டுவருகிறாள். இலைக்கொத்து இருக்க வேண்டிய இடத்தில் மகன் தலை.

பிற்கால எழுத்தாளர்களுக்கு இந்த அதிசயம் பிடிபடவில்லை போலிருக்கிறது. ஐவிக்குள் இரும்பு முனையை மறைத்திருந்தார்கள், தைர்சஸ் என்பது வேடம் போட்ட ஈட்டி என்று விளக்கம் சொன்னார்கள். போர்த் தந்திரங்களைத் தொகுத்த பாலியேனஸ் இதையே டயோனைசஸின் முதல் தந்திரமாகச் சொல்கிறார். அறிவுக்குப் பொருந்துகிற விளக்கம்தான், ஆனால் கோலின் பொருளைக் கெடுத்துவிடுகிறது.

பாறையைத் தட்டினால் தண்ணீர் வரும் என்பது?

அதுவும் ‘பாக்கே’யில் வருவதே. மேய்ப்பன் ஒருவன் பார்த்து வந்து சொல்கிறான். ஒருத்தி கோலால் பாறையைத் தட்ட, தெளிந்த நீர் பாய்கிறது. இன்னொருத்தி நார்தெக்ஸைத் தரையில் ஊன்ற, அங்கே மது ஊறுகிறது. பால் வேண்டியவர்கள் விரல் நுனியால் மண்ணைக் கீறுகிறார்கள். ஐவி சுற்றிய கோல்களிலிருந்து தேன் சொட்டுகிறது. கவனியுங்கள், பாலுக்குக் கோல் தேவைப்படவில்லை. நான்கையும் தைர்சஸின் கணக்கில் சேர்ப்பது பலரும் செய்யும் தவறு.

எந்தக் கையில் பிடிப்பது?

இதே சந்தேகம் பென்தியஸுக்கும் வருகிறது. பெண் வேடமிட்டு மலைக்குக் கிளம்பும்போது, ‘வலக்கையில் பிடிக்கட்டுமா, இந்தக் கையிலா?’ என்று கேட்கிறான். ‘வலக்கையில் பிடி, வலக்கால் எழும்போது கூடவே உயர்த்து’ என்கிறார் டயோனைசஸ். ஆட்ட அடவு இவ்வளவு துல்லியமாக எழுத்தில் கிடைப்பது அபூர்வம். சாகப் போகிறவனுக்குக் கொலையாளியே அடவு திருத்துகிறார் என்பதால் காட்சியைப் படிக்கும்போது வயிற்றைப் பிசையும். ஜாடிகளில் மைனாட்கள் இடக்கையிலும் பிடித்திருப்பார்கள். ஓவியர்கள் இந்த விதியைப் பொருட்படுத்தவில்லை.

ஐவி, கூம்பு, நாடா ஆகியவற்றுக்கு என்ன பொருள்?

ஐவி முக்கியமானது. டயோனைசஸுக்கான மலை விழாக்கள் குளிர்காலத்தில், ஓராண்டு விட்டு ஓராண்டு நடந்தவை. அப்போது திராட்சைக் கொடி மொட்டையாக நிற்கும், ஐவி மட்டும் பச்சையாகக் காய்த்திருக்கும். மதுவின் சூட்டுக்கு ஐவியின் குளிர்ச்சி மாற்று என்பது பழைய மருத்துவ நம்பிக்கை. விருந்தில் குடிப்பவர்கள் ஐவி மாலை சூடியது அதனாலும்தான்.

பைன் மரத்துக்கும் மதுவுக்கும் நடைமுறை உறவு உண்டு. மது ஜாடிகளின் உட்புறம் கசியாமலிருக்கப் பைன் பிசினைப் பூசினார்கள். இன்றைய கிரேக்க ரெட்சினா மதுவின் வாசனை அதன் வாரிசு. நாடா, புனிதப் பொருள் எதற்கும் கட்டுவது. அதில் தனிப் பொருள் தேட வேண்டாம்.

தண்டையும் கூம்பையும் ஆண்குறியாகப் படிப்பது இன்று பிரபலம். டயோனைசஸ் விழாக்களில் குறி ஊர்வலம் வெளிப்படையாகவே நடந்தது, மறைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. ஊர்வலத்தில் மரத்தில் செய்த குறியைத் தூக்கிப்போன கூட்டம், தண்டில் அதை ஒளித்துக் குறிப்பால் உணர்த்தியது என்பது வலுவான வாதமாகத் தெரியவில்லை. ஐவி நுனிக்கு அது பொருந்தவும் இல்லை.

நாடகத்தையும் படங்களையும் விட்டால், உண்மையான வழிபாட்டில் பயன்பட்டதற்குச் சான்று உண்டா?

உண்டு, அதுவும் எதிர்பாராத வகையில். 1894-இல் ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் மேற்கே ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் இயங்கிய ‘யோபாக்கோய்’ என்ற டயோனைசஸ் சங்கத்தின் விதிமுறை அது. படித்தால் நம் ஊர்ச் சங்கத்தின் பொதுக்குழுத் தீர்மானம் போலவே இருக்கும்: சந்தா, வருகை, அபராதம். கூட்டத்தில் இஷ்டத்துக்குப் பாடக்கூடாது, சத்தம் போடக்கூடாது, கைதட்டக்கூடாது. அடுத்தவரைத் திட்டியது நிரூபணமானால் 25 திராக்மா நாணயம் அபராதம்.

ஒழுங்கைக் கவனிக்க ஓர் அதிகாரி உண்டு. சீட்டுக் குலுக்கியோ பூசாரி நியமித்தோ வருவார். கலாட்டா செய்பவரிடம் அவர் வாய்ச்சண்டை போடுவதில்லை. தெய்வத்தின் தைர்சஸைக் கொண்டுவந்து அந்த ஆள் பக்கத்தில் வைப்பார். பூசாரியோ சங்கத் தலைவரோ ஆமோதித்தால், கோல் வைக்கப்பட்டவர் விருந்துக்கூடத்தை விட்டு எழுந்து போக வேண்டும். போகாவிட்டால், அதற்கென்றே நியமித்த ‘குதிரைகள்’ என்ற பட்டப்பெயருள்ள ஆட்கள் வாசலுக்கு வெளியே தூக்கிப் போடுவார்கள்.

பென்தியஸின் தலையைச் சுமந்த கோல் ஐந்நூறு ஆண்டுகளுக்குமேல் கழித்து நடுவரின் சிவப்பு அட்டை வேலை பார்க்கிறது. டயோடோரஸ் சொன்ன கதையோடு சேர்த்துப் பாருங்கள்: குடித்தவர்கள் ஒருவரையொருவர் காயப்படுத்தாமல் காப்பது, இரண்டிலும் அதே வேலை.

‘கோல் பிடித்தவர் பலர், பக்தர் சிலர்’ என்பது எங்கிருந்து வருகிறது?

பிளேட்டோவின் ‘ஃபீடோ’ உரையாடலில் சாக்ரட்டீஸ் சொல்வது. சடங்குகளில் வழங்கும் பழமொழியாக எடுத்துக்காட்டுகிறார்: ‘நார்தெக்ஸ் ஏந்தியவர் பலர், பாக்கோஸ் ஆனவர் சிலர்.’ பாக்கோஸ் என்றால் தெய்வத்தோடு ஒன்றிப்போனவர். யாரும் ஒடித்துக் கட்டிக்கொள்ளக்கூடிய கோல் என்பதால்தான் இந்தப் பழமொழிக்கே பொருள் வருகிறது. காவி கட்டியவரெல்லாம் துறவியா என்று நாம் கேட்பதில்லையா?

ஹெர்மஸின் கோல், மருத்துவச் சின்னக் கோல் இவையெல்லாம் இதன் உறவா?

இல்லை. இரண்டு பாம்பு பின்னிய கோல் ஹெர்மஸுடையது, தூதுவர் அடையாளம். ஒற்றைப் பாம்பு சுற்றியது அஸ்கிளேபியஸுடையது, மருத்துவம். தைர்சஸுக்கு அடையாளம் நுனியில் உள்ள கொத்து. இன்னொரு குழப்பம்: ஏதென்ஸுக்கு அருகே எல்யூசிஸில் நடந்த இரகசியச் சடங்கு விழாவில் தீட்சை பெறப் போனவர்கள் ஏந்திய மிர்ட்டில் என்ற புதர்ச்செடியின் கிளைக்கட்டுக்கும் ‘பாக்கோஸ்’ என்றே பெயர். அது தைர்சஸ் அல்ல.

அருங்காட்சியகத்தில் எப்படி அடையாளம் காண்பது?

முதலில் நுனி. இதய வடிவ இலை தெரிந்தால் ஐவி. பிறகு தண்டு: கணுக்களைக் குறிக்கக் குறுக்குக் கோடுகளோ, முளைத்த சிற்றிலைகளோ இருந்தால் ஓவியர் நார்தெக்ஸை மனத்தில் வைத்து வரைந்திருக்கிறார். உயரம் பெரும்பாலும் ஏந்துபவரின் உயரம் அல்லது சற்று அதிகம். கிரேக்கத்தின் டெலோஸ் தீவிலும் பழைய மாசிடோனியத் தலைநகர் பெல்லாவிலும் உள்ள தரைச் சித்திரங்களில் சிறுத்தை, புலி மீது சவாரி செய்யும் டயோனைசஸ் கையில் நாடா கட்டிய கோலைக் காணலாம்.

பளிங்குச் சிலை என்றால் எச்சரிக்கை தேவை. மெல்லிய கோலும் நீட்டிய கையும்தான் முதலில் உடைபவை. ரோமர் காலச் சிலைகள் பலவற்றில் இப்போது தெரியும் கோல் 18, 19-ஆம் நூற்றாண்டுச் சிற்பி ஒட்டவைத்தது. கல்லின் நிறம் மாறும் இடத்தைத் தேடுங்கள், விளக்க அட்டையில் ‘மீட்டமைப்பு’ என்ற சொல்லைத் தேடுங்கள். அந்தக் கூம்பை வைத்துப் பழங்கால வழக்கம் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

நாடகத்துக்கு ஒன்று செய்ய வேண்டும். எப்படி?

ஏந்துபவரின் உயரத்தோடு ஒரு சாண் கூட்டித் தண்டின் நீளத்தை வைத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை 400 கிராமுக்குள் நிற்கட்டும். ஃபெருலா தண்டு கிடைக்கும் இடத்தில் இருந்தால், செடியிலேயே காய்ந்து நிற்பதை வெட்டுங்கள். பச்சையாக வெட்டினால் உள்ளே சோறு சுருங்கி, பட்டை வரிவரியாகச் சுருங்கித் தண்டு கோணிவிடும். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே அறுங்கள், கணுவே மூடியாக நின்று பாதுகாக்கும். கணுவுக்கு மேலே அறுத்தால் இரண்டு முறை தரையில் ஊன்றியதும் பட்டை பிளந்து சோறு பிதுங்கும். மேல்பக்கம் அதற்கு நேர்மாறு: சோறு திறந்திருக்கும்படி கணு இல்லாத இடத்தில் அறுக்க வேண்டும், அங்கேதான் ஆதாரக் குச்சி இறங்கும்.

ஒரு சாண் நீள மூங்கில் குச்சியில் பசை தடவிச் சோற்றுக்குள் பாதிவரை செருகி ஒரு நாள் காயவிடுங்கள். ஐவியை முந்தின இரவே தண்ணீரில் காம்பு மூழ்க வைத்திருங்கள், இல்லாவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தில் தொங்கிவிடும். 12 முதல் 15 கிளைகள் போதும். உச்சியில் தொடங்கி, இலை நுனி மேல்நோக்கி இருக்கும்படி நூலால் கட்டிக்கொண்டே கீழே வாருங்கள். ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்கின் நூலை மறைக்க வேண்டும். பூக்காரர் கதம்பம் கட்டும் கை இருந்தால் பத்து நிமிட வேலை. கடைசி முடிச்சின்மேல் இரண்டு விரல் அகல நாடாவைச் சுற்றி, முனைகளை ஏற்றத்தாழ்வாகத் தொங்கவிடுங்கள். ஐவிச் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும், கட்டும்போது கையுறை நல்லது.

தமிழ்நாட்டில் ஃபெருலா தண்டு கிடைக்காது. நன்றாகக் காய்ந்த தடித்த நாணல் தண்டு நெருங்கிவரும். மூங்கிலைக் கொடுக்காதீர்கள். எடை கூடிவிட்டால் நடிகர் தன்னையறியாமல் சிலம்பக் கம்பு பிடிப்பதுபோல் பிடிக்கத் தொடங்குவார், நடையே மாறிவிடும். பல நாள் நாடகமென்றால் துணி இலைதான் வழி.

கூம்பு வைத்தே ஆக வேண்டும் என்றால்?

ரோமர் காலக் காட்சியென்றால் வையுங்கள். சிறிய கூம்பாகப் பாருங்கள், கொடைக்கானல் பக்கம் கிடைக்கும் அளவு போதும். பெரிய கூம்பு வைத்தால் நுனி கனத்து, கோலை வேகமாகச் சாய்க்கும்போது மேல் கணுவில் முறியும். கூம்பு ஈரத்தில் மூடும், வறட்சியில் விரியும். மூடிய நிலையில் ஒட்டினால் மேடை விளக்குச் சூட்டில் விரிந்து பசை விட்டுவிடும். எனவே வெயிலில் விரியவிட்டு அதன்பிறகு ஒட்டுங்கள். திருகாணியைச் சோற்றில் இறக்குவது பயனில்லை, பிடிமானம் கிடைக்காது. விரல்நீள மரக்குச்சி வேண்டும். தரையில் தட்டும் காட்சியில் கோல் செங்குத்தாக இறங்கட்டும். சாய்த்துத் தட்டினால் முதல் ஒத்திகையிலேயே உடையும்.

செடி விஷமா?

ஆம். சார்டினியாவில் இதை மேய்ந்த ஆடுகள் உள் இரத்தக்கசிவால் சாவது தெரிந்த நோய். செடியிலுள்ள கூமரின் வகைப் பொருள் இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. எல்லா இடத்துச் செடியும் ஒரே அளவு நச்சு அல்ல. வேடிக்கை என்னவென்றால் ரோமர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே, இது கழுதைக்குப் பிடித்த தீனி, மற்ற சுமை விலங்குகளுக்கு உடனடி விஷம் என்றும், அதனால்தான் கழுதையும் இத்தண்டும் ஒரே தெய்வத்துக்கு உரியவை என்றும் எழுதிவைத்திருக்கிறார். காய்ந்த தண்டைக் கையில் பிடிப்பதில் ஆபத்தில்லை. வாயில் வைக்க வேண்டாம்.

இந்தியாவோடு தொடர்பு உண்டா?

கதையில் உண்டு. டயோனைசஸ் இந்தியாவை வென்றார் என்பது கிரேக்கர்களிடையே பரவியிருந்த நம்பிக்கை. அலெக்சாண்டரின் படை அன்று இந்தியா எனப்பட்ட பகுதியில் நூசா என்ற ஊரில் ஐவியைக் கண்டதும் வீரர்கள் மாலை கட்டிச் சூடிக்கொண்டதாக வரலாற்றாசிரியர் ஆரியன் எழுதுகிறார். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் எகிப்தைச் சேர்ந்த நோனஸ், 48 காண்டங்களில் இந்தப் படையெடுப்பைக் காவியமாக்கினார். அதில் இந்திய அரசன் டெரியாடஸ் சாவது ஈட்டியால் அல்ல. தெய்வத்தின் கோல் உடம்பில் உரசியதும் ஹைடாஸ்பஸ் ஆற்றில், அதாவது இன்றைய ஜீலத்தில், விழுந்து மடிகிறான்.

இதுவரை செய்ததிலேயே பெரிய தைர்சஸ் எது?

எழுத்தில் உள்ளவரை, கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் எகிப்தின் அரசர் இரண்டாம் தாலமி நடத்திய ஊர்வலத்தில் வந்தது: 90 முழம், தங்கம். ஏறத்தாழ 40 மீட்டர். முழுத் தங்கமா, முலாமா என்பதைப் பற்றி உரையாசிரியர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். ஒருவர் கையில் ஏந்த முடியாத அந்தக் கோல், ஒற்றை விரலில் நிற்கும் நார்தெக்ஸ் தண்டுக்கு நேர் எதிர்.